சகலையின் கம்ப்யூட்டர்

அந்தக் கம்ப்யூட்டருக்குப் பக்கவாட்டு மூடி கிடையாது. மூடி இருக்க வேண்டிய இடத்தில் பச்சை நைலான் கொசுவலையை இழுத்துக் கட்டியிருக்கும். வலைக்குப் பின்னால் காத்தாடி சுற்றுவது தெரியும். நாற்பது வருஷம் பீடி குடித்தவர் மூச்சு விடுகிற மாதிரி ஒரு கரகரப்பு. எங்கள் பக்கம் பஞ்சு பறக்காத இடம் இல்லை. தறி, நூல் மில், பேல் என்கிற பஞ்சுப் பொதியை ஏற்றுகிற லாரி, எல்லாவற்றிலிருந்தும் பறக்கும். அது வலையில் வந்து படியும். வெள்ளிக்கிழமை மத்தியானத்தில் ஒருவர் குனிந்து உட்கார்ந்து அந்தப் பஞ்சை ஓரத்திலிருந்து மெதுவாக உரிப்பார். வெந்த முட்டைக்குள் இருக்கும் தோலை உரிக்கிற மாதிரி, கிழியாமல் ஒரே துண்டாக வரும். அதைக் கையில் வைத்து எனக்குக் காட்டுவார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி ரோட்டைப் பார்ப்பேன். அவர் என் சகலை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவர்.

கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில், அவினாசி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் வழியில் மாமனாரின் எடைமேடை இருக்கிறது. லாரி மேடைமேல் ஏறி நிற்கும். கேபினில் இருப்பவர் எடையைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் சீட்டு அடித்துக் கொடுப்பார். வேலை அவ்வளவுதான். பஞ்சு பேல் வரும், நூல் மூட்டை வரும், கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் வரும். மாமனாருக்கு ரெண்டும் பெண் பிள்ளைகள். நான் மூத்த மாப்பிள்ளை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தறிக்குப் போனவன். மாமனாருக்குக் கண் மங்க ஆரம்பித்ததும், "தறிய உட்டுட்டு இங்க வந்து உக்காருங்க மாப்ள" என்றார். வந்து உட்கார்ந்தேன். வெயில், மழை, பண்டிகை எதற்கும் எழவில்லை. மேடை பின்னால் எனக்கு வரும் என்று நினைத்திருந்தேன். அவர் அப்படிச் சொன்னதில்லை. நானாக நினைத்துக்கொண்டதுதான்.

மேடை கட்டிய காலத்தில் வந்த கம்ப்யூட்டர் நான் வருவதற்கு முன்னாலேயே கிழமாகியிருந்தது. காலையில் பொத்தானை அமுத்திவிட்டு டீ குடித்து வந்தால்தான் முழித்திருக்கும். பாதி எடையில் நின்றுபோகும். டிரைவர்கள் ஹாரன் அடிப்பார்கள். பொறுத்துப் பார்த்து, கோயமுத்தூர் போய்ப் புதுசு ஒன்று வாங்கி வந்தேன். மெலிசாக, சத்தமே இல்லாமல் இருந்தது. பழையதைக் கேபின் பரணில் ஏற்றினேன். என் பெருமைக்கு அன்று அளவில்லை. ஆனால் புதுசுக்கும் எடை காட்டும் பெட்டிக்கும் ஒத்து வரவில்லை. எடைப்பெட்டியின் ஒயரைச் சொருக அதில் இடமே இல்லை. நடுவில் ஒரு குட்டி இணைப்பை வைத்துச் சொருகிக் கொடுத்தார்கள். அது நினைத்தால் பேசும், நினைத்தால் பேசாது. முந்தின லாரி இறங்கிப் போயிருக்கும், அதன் எடை திரையில் அப்படியே நிற்கும். வெறும் மேடையில் பதினாறு டன் நிற்பதாகக் காட்டும். ஒரு டிரைவர் எட்டிப் பார்த்து, "ஏனுங்ணா, மேடை மேல பேய் ஏதும் நிக்குதுங்களா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். மாமனாரும் சிரித்தார்.

அந்தச் சமயத்தில்தான் சின்னவளுக்குக் கல்யாணமாகி, சகலை மறுவிருந்துக்கு வந்தார். பல்லடம் பக்கம் கோழிப்பண்ணைக் குடும்பம். பத்தாவது வரை படித்தவர். என்னைவிட ரெண்டு வகுப்பு கூடுதல், அவ்வளவுதான். ஒல்லியாக, அதிகம் சத்தம் போடாமல் பேசுவார். விருந்துக்கு வந்தவர் சாப்பிட்டுவிட்டுப் படுக்க வேண்டியதுதானே. மாமனாரோடு மேடைக்கு நடந்து வந்தார். புதுசு நின்று போயிருந்த நேரம். நான் அதன் தலையில் தட்டிக்கொண்டிருந்தேன். அவர் புதுசைப் பார்க்கவில்லை. அண்ணாந்து பரணைப் பார்த்தார். "அதை எறக்கிப் பாக்கலாமுங்களா, சகல?" என்றார். புது மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி இறக்கினார். மாமனாருக்கு அந்தக் காட்சி பிடித்துப்போயிற்று. அவர் முகத்தில் தெரிந்தது. நான் மேடையில் உட்கார்ந்த அத்தனை காலத்தில் அப்படி ஒரு முகத்தை அவர் எனக்குக் காட்டியதில்லை.

சகலை செய்ததில் மந்திரம் ஒன்றும் இல்லை. மூடியைக் கழற்றினார். உள்ளே பஞ்சு, பல்லி முட்டை, செத்த கரப்பான். பக்கத்துப் பஞ்சர் கடையில் காற்றுக் குழாயை வாங்கி ஊதினார். உள்ளே சொருகியிருந்த பச்சை அட்டைகளைப் பிடுங்கி, பள்ளிக்கூட அழிரப்பரால் அவற்றின் பல்லைத் தேய்த்து மறுபடி சொருகினார். பிறகு உள்ளே இருந்ததையெல்லாம் அழித்தார். நான் ஏற்றி வைத்திருந்த பாட்டு, சீட்டு விளையாட்டு, சாமி படம் போட்ட காலண்டர், எல்லாம் போயிற்று. எடை பார்க்கிற ஒன்றை மட்டும் விட்டார். இன்டர்நெட் ஒயரையும் பிடுங்கிவிட்டார். "என்ற பாட்டெல்லாம் போச்சுங்களே" என்றேன். "கெழட்டு மாட்ட ஒரு வேலைக்குத்தான் கட்டோணுமுங்க சகல. ஏருக்குங் கட்டி வண்டிக்குங் கட்டுனா படுத்துக்கும்" என்றார். சாயங்காலம் எடைப்பெட்டியின் பழைய ஒயரைச் சொருகினார். கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. முதல் லாரி ஏறியது. எடை வந்தது. லாரி இறங்கியது. திரையில் சைபர் வந்தது. அந்த சைபரைப் பார்த்து மாமனார் கை தட்டினார். புதுசை அன்றைக்கே பரணில் ஏற்றச் சொன்னார். ஏற்றியவன் நான்.

சகலை ஊருக்குத் திரும்பிப் போவார் என்று பார்த்தேன். போகவில்லை. பண்ணையை அவர் அண்ணன் பார்த்துக்கொண்டார். இவர் எங்கள் ஊரிலேயே வீடு பார்த்து, மேடைக்கு வர ஆரம்பித்தார். காலையில் நான், மத்தியானத்துக்கு மேல் அவர். ஒரே நாற்காலி. ராத்திரியும் கம்ப்யூட்டர் ஓடும், காலையில் நான் திரையைப் போட்டால் போதும். காலையில் நான் உட்காரும்போது கம்ப்யூட்டர் ஒரு மாதிரி ஓடும், அவர் உட்கார்ந்தால் வேறு மாதிரி ஓடும். இது என் பிரமையாக இருக்கலாம். ஆனால் டிரைவர்களும் சொன்னார்கள். மத்தியானம் வந்தால் சீக்கிரம் போகலாம் என்று ரோட்டோரத்தில் லாரியைப் போட்டுத் தூங்குகிறவன்கூட உண்டு. நான் கேபினிலிருந்து அந்த லாரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்காக ஒரு லாரியும் அப்படி நின்றதில்லை.

மாமனார் வீட்டு விருந்திலும் இது வந்தது. கோழி அடித்தால் ரெண்டு மாப்பிள்ளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். மாமனார் சேரில் இருந்தபடி மகள்களுக்கு உத்தரவு போடுவார். "பெரிய மாப்ளைக்குக் கொளம்பு ஊத்து கண்ணு. சின்ன மாப்ளைக்குக் கறி வெய்யி." அவர் வேண்டுமென்று சொல்லவில்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னார். அதனால்தான் எனக்கு எரிந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். "ஏனுங்க, குடிக்கறவன் பொண்டாட்டி இருக்கறா, சீட்டாடறவன் பொண்டாட்டி இருக்கறா. கம்ப்யூட்டரப் பாத்து வயிறு எரியறவன் பொண்டாட்டி நான் ஒருத்திதானுங்க இருப்பேன்." கம்ப்யூட்டரைப் பார்த்து இல்லை என்றேன். "பின்ன ஆரப் பாத்து?" என்றாள். அவளுக்குத் தெரிந்ததைத்தான் கேட்டாள்.

ஒரு புரட்டாசியில் மாமனார் ரெண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். "எனக்கு முடியறதில்லீங்க. வர்ற தை பொறந்தா மேடைச் சாவிய உங்க ரெண்டு பேருத்துல ஒருத்தருகிட்டக் குடுத்துர்றேன். ஒரு ஸ்டீரிங்க ரெண்டு பேரு புடிச்சா வண்டி வாய்க்காலுக்குத்தான் போகும்" என்றார். யாருக்கு என்று சொல்லவில்லை. சகலை, "நீங்க பாத்துச் செய்யறதுதானுங்க மாமா" என்றார். நானும் அதையே சொன்னேன். வெளியே வந்து ரெண்டு பேரும் ஒரே கடையில் டீ குடித்தோம். எடை வேலையில் ரெண்டு பேருக்கும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவரிடம் கம்ப்யூட்டர் இருந்தது. என்னிடம் வருஷங்கள் இருந்தன. எது கனம் என்று அந்த டீ தீரும்வரை யோசித்தேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சகலைக்குக் குடல்வால் வலி வந்து கோயமுத்தூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அன்று இரவே ஆபரேஷன். பூஜையை நான் செய்தேன். எங்கள் மேடையில் வழக்கம் உண்டு. மேடையைக் கழுவி நாலு மூலையிலும் எலுமிச்சை வைப்போம். பூசணிக்காய் உடைப்போம். கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, அன்றைக்கு முழுக்க ஓட்டமாட்டோம். உழைக்கிற சாமானுக்கு வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் ஓய்வு. இதில் மாமனார் கறார். பூஜை முடிந்ததும் கேபின் வாசலில் நின்று, "பொட்டிய அணைச்சாச்சுங்களா?" என்று கேட்பார். வருஷா வருஷம் அணைத்துவிட்டுக் கேபினைச் சாத்துவது சகலைதான். இந்தத் தடவை நான் அணைத்தேன். பொத்தானை அமுத்தி, சுவரில் சுவிட்சையும் நிறுத்தி, "அணைச்சாச்சுங்க மாமா" என்றேன். அந்தக் கரகரப்பு நின்றதும் கேபின் வேறு இடம் மாதிரி ஆகிவிட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

விஜயதசமி காலையில் சுவிட்சைப் போட்டேன். காத்தாடி அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. மறுபடி அமுத்தினேன். அரைச் சுற்று, நின்றது. வெளியே மில் லாரிகள் வரிசை கட்டிவிட்டன. நல்ல நாள், முதல் எடை போட்டுப் போக வேண்டும் என்று எல்லோரும் விடியலிலேயே வந்திருந்தார்கள். சகலை செய்து பார்த்ததை எல்லாம் செய்தேன். வலையை அவிழ்த்தேன். ஊதினேன். அட்டையைப் பிடுங்கி அழிரப்பரால் தேய்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பரணில் இருந்த புதுசை இறக்கி மாட்டினேன். அது வழக்கம்போல வெறும் மேடையில் எடை காட்டியது. "என்னங்ணா, நேத்துப் பொங்கல் ஜாஸ்தியாத் தின்னுப்போட்டுத் தூங்குதுங்களா?" என்று ஒரு டிரைவர். இன்னொருவன், "மருமகளாட்டம், அவங்க ஊட்டுக்காரரு வந்தாத்தான் எந்திரிக்கும்" என்றான். அதற்கு வந்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. மில்லிலிருந்து போன் வந்தது. இன்னும் நேரமானால் லாரிகளை நால்ரோட்டில் இருக்கிற வேறொருவர் மேடைக்குத் திருப்பச் சொல்வதாகச் சொன்னார்கள். ஒரு தடவை அங்கே போகிற மில் திரும்பி வராது. மாமனார் வெளியில் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார். "சின்ன மாப்ளைக்குப் போன் போடுங்க மாப்ள" என்றார். நான் கேட்காத மாதிரி இருந்தேன். மூன்றாவது தடவை சொன்னபோது போட்டேன்.

சகலையின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

"அணைச்சுப்போட்டீங்களா, சகல?"

"பூஜையில்லீங்களா? அணைக்காம?"

சகலை சொன்னார். "நான் அணைக்கறதே இல்லீங்க. திரையில படத்த மட்டும் அணைப்பேன். உள்ள பொட்டி ஓடீட்டேதான் இருக்கும். அணைச்சு ஆறிப்போச்சுன்னா எந்திரிக்காதுங்க."

"மாமா கேப்பாருங்களே?"

"அணைச்சாச்சுங்கன்னு சொல்லுவேன்."

"சாமி குத்தமில்லீங்களா?"

"சாமிக்குத் தெரியாதுங்களா, அது கெழட்டுப் பொட்டின்னு?" சிரிக்கப் போய், "ஸ்ஸ், தையல் புடிக்குது" என்றார்.

பிறகு வழி சொன்னார். பரண் மூலையில் ஒரு தகரக் கூம்பு இருக்கும், அதற்குள் பெரிய பல்பு இருக்கும், கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு காட்டப் பண்ணையில் தொங்கவிடுவது, அதை எடுங்கள் என்றார். "கம்ப்யூட்டர் சுவிட்ச நிறுத்திப்போட்டு, உள்ள இருக்கற பெரிய பலகைக்கு ஒரு சாண் தள்ளி வெய்யுங்க. நடுவுல கைய நீட்டுங்க. குஞ்சுக்கு வேணுங்கற சூடுதான். எதமா இருக்கோணும், சுடக்கூடாது. கொஞ்ச நேரம் இருக்கட்டும். அப்பறம் பல்ப எடுத்துட்டுப் போடுங்க, எந்திரிச்சுக்கும்." மேடை கட்டிய ஆளிடமோ, கோயமுத்தூர்க் கடையிலோ கேட்டிருந்தால் என்னைப் பைத்தியம் என்றிருப்பார்கள். நான் பல்பைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன். மஞ்சள் வெளிச்சத்தில் பலகை முழுக்கத் தெரிந்தது. டிரைவர்கள் ஜன்னலில் தலையை அடுக்கி வைத்துப் பார்த்தார்கள். "எத்தனை முட்டைங்ணா வெச்சிருக்கீங்க?" என்றான் ஒருவன். கொஞ்ச நேரம் கழித்துப் பல்பை எடுத்துவிட்டுப் பொத்தானை அமுத்தினேன். காத்தாடி அரைச் சுற்று வந்தது. முக்கால் வந்தது. பிறகு கரகரவென்று பிடித்துக்கொண்டது.

வெளியே ஒரே ஆரவாரம். மாமனார் எழுந்து நின்று டிரைவர்களைப் பார்த்துச் சொன்னார். "பாத்தீங்களா! ஆஸ்பத்திரியில படுத்துட்டே ஓட்டிப்போட்டாரு என்ற சின்ன மாப்ள!" கையில் பல்போடு நின்றவன் நான். முதல் சீட்டு அடிப்பதற்கு முன்னால் நான் ஒன்றைக் கவனித்தேன். அணைத்து எழுப்பியதில் கம்ப்யூட்டரின் தேதி எங்கேயோ பின்னால் போய்விட்டிருந்தது. அப்படியே அடித்திருந்தால் அத்தனை சீட்டையும் மில் வாசலில் திருப்பியிருப்பார்கள். தேதியைத் தேடிப் பிடித்துச் சரி செய்தேன். அதை சகலை சொல்லித் தரவில்லை. நானே பார்த்தது, நானே செய்தது. அதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

தை வருவதற்குள் எனக்கு ஒரு வழி இருப்பதாகத் தோன்றியது. மாமனார் சாமி விஷயத்தில் விட்டுக்கொடுக்காதவர். அவர் கண்ணெதிரில் வருஷா வருஷம் பூஜையன்று பெட்டி ஓடியிருக்கிறது. இது அவருக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். நியாயமும் அதுதான் என்று நினைத்தேன். ஒரு சாயங்காலம் அவரோடு தனியாக இருக்கும்போது சொன்னேன். சகலை அணைப்பதே இல்லை, திரையை மட்டும் அணைத்துவிட்டு அணைத்ததாகச் சொல்கிறார் என்று. மாமனார் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"தெரியுமுங்க மாப்ள" என்றார்.

"தெரியுமுங்களா?"

"கண்ணுதானுங்க மங்கல். காது நல்லாத்தான் இருக்குது. அந்தக் காத்தாடி கரகரங்கறது ரோடு வரைக்கும் கேக்குதே."

"பின்ன ஏனுங்க மாமா ஒண்ணுஞ் சொல்லாம இருந்தீங்க?"

"என்ற மனசு நோகக்கூடாதுன்னு ஒரு மனுசன் மெனக்கெட்டுப் பொய் சொல்றாரு. அதையப் போயி ஏனுங்க கெடுக்கறது?"

நான் உண்மையாக அணைத்தவன். உண்மையாக, "அணைச்சாச்சுங்க" என்று சொன்னவன். அந்த உண்மைக்கு அந்த வீட்டில் விலை இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. ஒருவர்மேல் பிரியம் வந்துவிட்டால் அவர் பொய்யும் இனிக்கும். வராவிட்டால் நாம் எத்தனை வருஷம் எடை போட்டாலும் முள் அசையாது. இதைப் பிறகு பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். மாமனார் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சகலை மேல் வந்தது. அவர் ஒன்றும் செய்யவில்லை. அதனால்தான் வந்தது. அவர் எனக்கு ஏதாவது கெடுதல் செய்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

பொங்கலன்று மாமனார் மேடையில் வைத்து, சாவிக்கு மஞ்சள் பூசி, சகலை கையில் கொடுத்தார். சகலை என்னைப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார். பார்க்காமல் வாங்கியிருக்கலாம். என் மனைவி அன்று என்னைக் கேலி செய்யவில்லை. கறியை எனக்கு வைத்தாள். நான் தறிக்குத் திரும்பிப் போயிருக்கலாம். தறிக்காரர் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். போகவில்லை. போய்விட்டால் அவர் எப்படி ஓட்டுகிறார் என்று பார்க்க முடியாது. காலையில் வந்து அவர் மேடையில், அவர் கம்ப்யூட்டரில், எடை போட்டுக் கொடுத்தேன். டிரைவர்கள், "சகலை கம்ப்யூட்டர் எப்படீங்ணா இருக்குது?" என்றே கேட்பார்கள். எனக்குச் சகலை அவர் என்றால் அவருக்கும் சகலை நான்தானே. ஆனால் ஊரில் சகலை என்றால் அவர் ஒருவர்தான்.

பிறகு பெருந்துறையில், தொழிற்பேட்டைப் பக்கம் பெரிய மேடை ஒன்றைப் பார்த்துக்கொள்ள அவரைக் கூப்பிட்டார்கள். ஏசி கேபின், நாலைந்து திரை, கீழே ஆட்கள். கொழுந்தியாளுக்கும் அங்கே போக ஆசை. போனார். போகிற அன்று சாவியை மேஜைமேல் வைத்தார். மாமனார் அதை விரலால் என் பக்கம் தள்ளினார். மஞ்சள் இல்லை. "பாத்துக்குங்க மாப்ள" என்றார். அவ்வளவுதான். நான் காத்திருந்தது கைக்கு வந்துவிட்டது. ஆனால் அது எனக்குக் கொடுத்தது இல்லை. எனக்கு மிஞ்சியது.

அதற்குப் பிறகு நான் அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்ட மாதிரி என் பிள்ளைகளைக்கூடப் பார்க்கவில்லை என்று மனைவி சொல்வாள். அவர் வைத்திருந்ததைவிட நன்றாக வைக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். முதலில் கொசுவலையை எடுத்துவிட்டுத் தறியில் நெய்த காடாத் துணியைக் கட்டினேன். ஒரு பொட்டுப் பஞ்சு உள்ளே போகவில்லை. காற்றும் போகவில்லை. சூடேறிக் கம்ப்யூட்டர் தானாக நின்றது. பேசாமல் மறுபடி கொசுவலையைக் கட்டினேன். அதையும் பச்சையில் கட்டவில்லை, நீலத்தில் கட்டினேன். அப்புறம் சோமனூரில் பழைய டிவி ரிப்பேர் செய்கிறவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் பலகையைப் பார்த்து, குட்டிக் குட்டி உருளைகள் நாலைந்து தலை உப்பியிருப்பதைக் காட்டினார். ஆறினால் எழாததற்குக் காரணம் அதுதான் என்றார். பழையதை எடுத்துவிட்டுப் புதுசு பற்றவைத்தார். தேதி மறக்காமல் இருக்க ஒரு பொத்தான் பேட்டரியும் போட்டார். டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்த டிஸ்க்குக்குப் பதிலாகச் சத்தமில்லாத ஒன்று. புதுக் காத்தாடி. வீட்டுக்கு வந்து ஒரு நாள் முழுக்க அணைத்து வைத்தேன். மறுநாள் அமுத்தினேன். பட்டென்று எழுந்தது. நான் ஒருவன்தான் பக்கத்தில் இருந்தேன்.

மில்காரர்கள் இப்போது போனுக்கும் சீட்டு அனுப்பச் சொல்கிறார்கள். அதற்குப் பரணில் இருந்த புதுசை இறக்கி அடுத்த மேஜையில் வைத்திருக்கிறேன். அதுவும் இப்போது பழசுதான். அனுப்புகிற வேலை அதற்கு. எடை கிழத்துக்கு. ரெண்டும் ஒன்றின் வேலையை ஒன்று செய்வதில்லை, அதனால் ரெண்டும் ஓடுகிறது. மாமனாரைக் கூட்டி வந்து உட்கார வைத்துக் காட்டினேன். அவருக்கு அப்போது கண் சுத்தமாகத் தெரியாது. காதைச் சாய்த்துக் கேட்டார். "ஏனுங்க மாப்ள, சின்ன மாப்ள பொட்டி சத்தம் கொறஞ்சுபோச்சு? ஒடம்புக்கு ஆகலீங்களா?" என்றார். நல்லா இருக்குதுங்க என்றேன். கடைசி வரை அவருக்கு அது சின்ன மாப்ள பொட்டிதான். போன வருஷம் போய்ச் சேர்ந்தார்.

திதிக்கு சகலை வந்திருந்தார். உடம்பு கொஞ்சம் போட்டிருக்கிறது. சாப்பிட்டு முடித்ததும், முதல் நாள் வந்த மாதிரியே, மேடைக்கு நடந்து வந்தார். அன்று வேலை இல்லை, கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது. அவர் அதைப் பார்த்ததும் திடுக்கிட்டு, "அணைஞ்சு கெடக்குதுங்களே சகல!" என்றார். நான் பொத்தானை அமுத்தினேன். எழுந்தது. அவர் குனிந்து பலகையைப் பார்த்தார். புது உருளைகளைப் பார்த்தார். காத்தாடியைப் பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டுதான் நிமிர்ந்தார்.

"அங்க அத்தனையும் புதுசுங்க சகல" என்றார். "என்னமோ ஒண்ணுன்னா கம்பெனிக்குப் போன் போடறதுதான் என்ற வேலை. தொறந்து பாக்கக்கூடாதுன்னு ஸ்டிக்கர் ஒட்டி வெச்சிருக்கறாங்க." "இதை எனக்குக் குடுத்துருங்களேன். உங்களுக்கு நல்லதாப் புதுசு ஒண்ணு நான் வாங்கித் தர்றேன். ஊட்டுல வெச்சுக்கறேன், சும்மா."

"குடுக்கறதுக்கில்லீங்க, சகல."

"சும்மாதானுங்க கேட்டேன்."

"எடைக்கு வேணுமுங்க."

அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். உதட்டில் சிரிப்பு இருந்தது, கண் கம்ப்யூட்டரை விட்டு வரவில்லை. அந்த முகம் எனக்குத் தெரியும். அத்தனை வருஷம் நான் போட்டுக்கொண்டு திரிந்த முகம். அவர் முகத்தில் அதைப் பார்ப்பேன் என்று நான் நினைத்ததில்லை. பாவமாக இருந்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். பாவமாக இல்லை. வெயிலில் வந்தவனுக்கு மோர் கிடைத்த மாதிரி இருந்தது. டீ சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். போகும்போது கம்ப்யூட்டரின் தலையில் கையை வைத்து, கன்றுக்குட்டியைத் தட்டுவது போல ரெண்டு தட்டுத் தட்டினார். "நல்லா வெச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அவர் கார் திரும்புகிறவரை நின்று பார்த்தேன். பிறகு உள்ளே வந்து துணியை எடுத்து, அவர் கை வைத்த இடத்தைத் துடைத்தேன். அங்கே தூசி ஒன்றும் இல்லை.